மூன்றாம் மாடி மோட்டாரின் மருத்துவ விடுப்பு

கருணை என்னும் குணம் இந்தப் பூமியில் முதன்முதலில் எங்கே தோன்றியது என்று அறிஞர்கள் இன்றுவரை மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாவம், அவர்களில் ஒருவர்கூட அந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறிப் பார்த்ததில்லை. லிஃப்ட் வேலை செய்யாதது ஒரு காரணமாக இருக்கலாம். ஏறியிருந்தால் அங்கே ஒரு ஸ்டேப்ளருக்குக் கிடைத்த மரியாதையைக் கண்டு கண்கலங்கிக் கீழே இறங்கியிருப்பார்கள்.

எல்லாம் மேலாளர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்ததிலிருந்து தொடங்கியது. முகாமின் பெயர் 'பொருட்களும் ஊழியர்களே'. போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது சான்றிதழோடும் ஈரமான கண்களோடும் வந்தார். அன்று மதியமே எல்லோரையும் கூட்டிவைத்து, "நாம உட்கார்ற நாற்காலி நம்மளை ஒரு நாளாவது குறை சொல்லியிருக்கா? சொல்லுங்க!" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. நாற்காலிகளும் சொல்லவில்லை.

"சொல்லல சார்! ஒரு வார்த்தை சொல்லல!" என்று உதவி மேலாளர் தழுதழுத்தார். அவரை அலுவலகத்தில் எல்லோரும் 'ஆமாஞ்சாமி' என்றுதான் குறிப்பிடுவார்கள். அவரிடமே ஒருமுறை யாரோ அதைச் சொன்னபோது, "ஆமா, ஆமா" என்று ஏற்றுக்கொண்டார்.

அன்றிலிருந்து அங்கே எந்தப் பொருளும் 'அது' இல்லை, 'அவர்'. பிரிண்டர் நின்றுபோனால் "அவருக்கு இன்னிக்கு மனசு சரியில்ல" என்பார்கள். காபி மெஷினுக்குப் பிறந்தநாள் கொண்டாடினார்கள். கேக்கை ஊழியர்கள் தின்றார்கள். அதில் மட்டும் பொருட்களுக்குப் பங்கு வைக்கவில்லை.

இத்தனை கருணைக்கும் நடுவில் தரையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவள் அக்கா. அவளுக்கு வேறு பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் சேர்ந்த நாள் முதல் மேலாளரிலிருந்து வாசல் காவலாளிவரை எல்லோரும் 'அக்கா' என்றே கூப்பிட்டதால், சம்பளக் கவரில்கூட அப்படித்தான் எழுதியிருந்தது. அந்த மாடி முழுக்கச் சுவருக்குச் சுவர் கம்பளம். யார் யோசனையோ தெரியவில்லை, தூசி தங்குவதற்கென்றே நெய்தது போன்ற கனத்த கம்பளம். அதைச் சுத்தம் செய்ய ஒரு பழைய வேக்குவம் கிளீனர் இருந்தது. சக்கரம் வைத்த உருளை உடம்பு, நீண்ட குழாய், உள்ளே ஒரு துணிப்பை. அக்காவும் அந்த மிஷினும் வருஷக்கணக்காகக் கூட்டாளிகள். அக்காவுக்கு இளைப்பு உண்டு. துடைப்பத்தை எடுத்துக் கம்பளத்தில் நாலு இழுப்பு இழுத்தால் நெஞ்சுக்குள் விசில் ஊதும். மிஷின் இருந்ததால்தான் அவள் அந்த வேலையில் நீடித்தாள்.

ஒரு திங்கட்கிழமை மிஷின் ஊளையிட ஆரம்பித்தது. வழக்கமாக 'உம்ம்' என்று இருக்கும் சத்தம் 'ஊஊஊ' என்று உயர்ந்தது. பின்பக்கத்து ஓட்டைகள் வழியாக நீலப் பொறி பறந்தது. எரிந்த வாசனை வந்தது. அக்கா சட்டென்று சுவிட்சை அணைத்துவிட்டு மேலாளர் அறைக்கு ஓடினாள்.

"சார், மிஷின்ல மோட்டார் போயிடும்போல இருக்கு சார். பொறி பறக்குது. ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டா..."

மேலாளர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "அவருக்கா? எப்போலேருந்து? ஏன் முன்னாடியே சொல்லல?"

நேரே வந்து மிஷினின் முதுகில் கைவைத்துப் பார்த்தார். "அய்யோ, உடம்பு கொதிக்குது!"

"கொதிக்குது சார்," என்றார் ஆமாஞ்சாமி, தொடாமலே.

"வேலைப்பளு. சந்தேகமே இல்ல. நாம இவரை மனுஷனா நடத்தல."

உடனடியாக உத்தரவு தயாரானது. தூசி உறிஞ்சும் பிரிவின் மூத்த ஊழியரான வேக்குவம் கிளீனருக்கு முழுச் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு. சம்பளம் இல்லாதவருக்கு முழுச் சம்பளம் என்பது அலுவலகத்தைப் பாதிக்காது என்பதையும் மேலாளர் பெருந்தன்மையோடு கவனத்தில் கொண்டிருந்தார். மிஷினைச் சாப்பாட்டு அறையின் ஜன்னலோரம், காற்று வரும் இடமாகப் பார்த்து வைத்தார்கள். பக்கத்தில் பூங்கொத்து. 'சீக்கிரம் குணமாகுங்கள்' என்று ஒரு வாழ்த்து அட்டை, எல்லோருடைய கையெழுத்தோடும்.

அக்கா துடைப்பத்தை எடுத்தாள். எடுக்காமல்? கம்பளம் யாருக்கும் விடுப்பு தருவதில்லையே.

இரண்டாம் நாளே விசில் ஆரம்பித்துவிட்டது. மூன்றாம் நாள் மேலாளர் அறை வாசலில் போய் நின்றாள்.

"சார், மிஷின் வர்ற வரைக்கும் எனக்குக் கொஞ்சம் லீவு வேணும் சார். துடைப்பத்தோட முடியல. மூச்சு வாங்குது."

மேலாளர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அக்கா, நீங்களே யோசிச்சுப் பாருங்க. துப்புரவுப் பிரிவுல மொத்தமே ரெண்டு பேர். ஒருத்தர் ஏற்கெனவே மெடிக்கல் லீவுல இருக்கார். நீங்களும் போயிட்டா?"

"பிரிவே காலியாயிடும்," என்றார் ஆமாஞ்சாமி.

"ஒரே நேரத்துல ரெண்டு பேருக்கு லீவு தர விதியில இடமில்ல அக்கா. அவருக்கு உடம்பு சரியாகட்டும். அப்புறம் பார்க்கலாம்."

விதி என்று வந்தபின் என்ன செய்வது? அக்கா திரும்பி வந்தாள். சாப்பாட்டு அறையில் பூங்கொத்துக்குப் பக்கத்தில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்த கூட்டாளியைப் பார்த்தபோது அவளுக்கு முதன்முறையாகப் பொறாமையாக இருந்தது.

வீட்டில் மகள் விடுவதாக இல்லை. அவள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். அம்மா படியேறி வரும் சத்தத்தை வைத்தே நெஞ்சின் நிலவரத்தைச் சொல்லிவிடுவாள்.

"டாக்டர் என்ன சொன்னார்? துடைப்பத்தையே தொடாதீங்கன்னு சொன்னாரா இல்லையா? இப்படியே போனா ஆஸ்பத்திரில படுக்கவேண்டியதுதான்னு சொன்னாரா இல்லையா?"

"சொன்னார்டி. மிஷின் ரிப்பேர்ல இருக்கு. வந்துடும்."

"எப்போ?"

"உடம்பு தேறினதும்."

"யார் உடம்பு?"

அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, மகள் முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்து, அது அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"இதோ பாரும்மா. மிஷின் வந்தா வேலைக்குப் போ. துடைப்பம்தான்னா வேலையை விட்டுடு. என் சம்பளம் நம்ம ரெண்டு பேருக்கும் போதும்."

போதும்தான். ஆனால் அக்காவுக்கு யார் கையையும் எதிர்பார்த்து உட்காரப் பிடிக்காது, அது பெற்ற மகளே ஆனாலும். அந்த மாடியில் எந்த மேஜைக்கடியில் யார் என்ன சிந்துவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. அது அவள் ராஜ்ஜியம். மிஷின் மட்டும் திரும்பிவிட்டால் வேலையும் தங்கும், மூச்சும் தங்கும். அதனால் மகளிடம், "வந்துடும், வந்துடும்" என்று மழுப்பிவைத்தாள்.

மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்குமுன் ஒரு கூட்டம் நடந்தது. கூப்பிடலாமா என்பதற்கு அல்ல; 'மெக்கானிக்' என்ற சொல் நோயாளியின் மனதைப் புண்படுத்துமா என்பதற்கு. நீண்ட விவாதத்துக்குப் பின் 'சிறப்பு மருத்துவர்' என்று முடிவானது. அந்தச் சிறப்பு மருத்துவர் வாயில் பாக்குடனும் தோளில் ஒரு பையுடனும் மூன்று மாடி ஏறி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்.

"எங்க சார் அந்த டப்பா?"

கூடியிருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். ஆமாஞ்சாமி ஓடிப்போய் மிஷினின் குழாய் வாயைப் பொத்தினார். காதைப் பொத்தத்தான் நினைத்தார். எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அறுவை சிகிச்சை கூட்ட அறையில் நடந்தது. நீள மேஜையில் வெள்ளைத் துணி விரித்தார்கள். மெக்கானிக் திருகாணிகளைக் கழற்றி, மூடியை எடுத்து, மோட்டாரை வெளியே தூக்கினார். அது மோட்டார் மாதிரியே இல்லை. சாம்பல் நிறத் தூசி கம்பளிபோல அதைச் சுற்றிப் படிந்திருந்தது. அச்சில் யார் யாருடைய தலைமுடியோ சிக்கலாகச் சுற்றியிருந்தது.

"இதை எத்தனை வருஷமா திறக்கவே இல்ல?" என்று மெக்கானிக் முகம் சுளித்தார். முடியைக் கத்தியால் அறுத்து எடுத்தார். இரண்டு சின்னக் கரிக்கட்டைகளை உருவி மேலாளர் முகத்துக்கு முன் காட்டினார். "இதான் சார் கார்பன். விரல் நீளம் இருக்கவேண்டியது, பயறு மாதிரி தேஞ்சிருக்கு பாருங்க. அதான் பொறி. உள்ள செம்புப் பட்டையும் கறுத்துப்போச்சு. பேரிங் வறண்டுபோச்சு, அதான் ஊளை. அரை மணி நேர வேலை."

"பிழைச்சுக்குவாரா?" என்று மேலாளர் மெல்லக் கேட்டார்.

"யாரு?"

அதற்குமேல் மெக்கானிக் எதுவும் கேட்கவில்லை. இந்த மாதிரி இடங்களில் அதிகம் கேட்கக் கூடாது என்று அனுபவம் சொல்லியிருக்கும். "மொதல்ல தூசியை ஊதி எடுக்கணும். எல்லாரும் தள்ளிக்கங்க," என்று பையிலிருந்து ஒரு காற்றூதியை எடுத்தார்.

ஆமாஞ்சாமி எல்லோருக்கும் முகக்கவசம் கொடுத்தார். வாசலில் துடைப்பத்தோடு நின்ற அக்காவுக்கு மட்டும் கொடுக்கவில்லை. "இது சிகிச்சையில பங்கெடுக்கிறவங்களுக்கு அக்கா. உங்க வேலை அப்புறம்தானே?" என்று கனிவாக விளக்கினார். காற்றூதி சீறியது. மோட்டார் வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் ஒரே மேகமாக எழுந்து, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நிதானமாகக் கம்பளத்தில் அமர்ந்தது.

பிறகு மெக்கானிக் செம்புப் பட்டையை நைஸ் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்தார். புதுக் கார்பன் போட்டார். பேரிங்கில் கிரீஸ் வைத்தார். எல்லாவற்றையும் பூட்டி, பிளக்கைச் செருகி, சுவிட்சைப் போட்டார். 'உம்ம்ம்' என்று பூனை உறுமுவதுபோல ஒரு சத்தம். கைதட்டல் கூரையைப் பிளந்தது. மேலாளர் கண்களைத் துடைத்துக்கொண்டார். வாசலில் நின்ற அக்காவும் துடைத்துக்கொண்டாள். அவளுடையது நிஜமாகவே சந்தோஷக் கண்ணீர். பாதி தூசியால் வந்தது, அவ்வளவுதான்.

கிளம்பும்போது மெக்கானிக் ஒரு வார்த்தை சொன்னார். "புதுக் கார்பன் சார். உடனே தரையில போட்டு இழுக்காதீங்க. மொதல்ல கொஞ்ச நேரம் லோடு இல்லாம சும்மா ஓடவிடுங்க. கார்பன் நல்லா உட்காரட்டும். அப்புறம் வேலைக்கு விடலாம்."

அவர் சொன்னது அன்று மாலைக்குள் முடிந்துபோகிற விஷயம். ஆனால் கருணை நிறைந்த காதுகளுக்கு அது வேறு மாதிரிக் கேட்டது.

"லோடு இல்லாம!" என்றார் மேலாளர். "கேட்டீங்களா? டாக்டரே சொல்லிட்டார். லேசான வேலைதான்."

"கொஞ்ச நேரம்னுதானே சார் சொன்னாரு?" என்றாள் அக்கா.

"கொஞ்ச நேரம்கிறது யாருக்கு எவ்வளவுன்னு நமக்கு எப்படித் தெரியும் அக்கா? குறைச்சு வெச்சு அவருக்கு ஏதாவது ஆயிட்டா? கொஞ்சம் கூடுதலாவே இருக்கட்டும்."

"அப்போ நாளைக்கு எடுத்துக்கலாமா சார்?"

"அக்கா!" மேலாளரின் குரலில் வலி தெரிந்தது. "இப்போதான் எழுந்து உட்கார்ந்திருக்கார். உள்ள அவ்வளவு சுத்தமா இருக்கார். அவரைக் கொண்டுபோய்த் தூசியில விடச் சொல்றீங்களே, உங்களுக்கு மனசு வருதா?"

அக்காவுக்கு எரிச்சல் தொண்டைவரை வந்தது. அதற்குமுன் இருமல் வந்துவிட்டது.

அன்றிலிருந்து தினமும் காலையில் மிஷினுக்கு உடற்பயிற்சி. ஆமாஞ்சாமி அதைக் கூடத்துக்கு உருட்டி வருவார். குழாயை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போடுவார். அது வெறும் காற்றை இழுத்துக்கொண்டு சும்மா ஓடும். அந்தக் காற்றிலும் தூசி இருக்கக் கூடாது என்பதால் அக்கா முன்கூட்டியே வந்து அந்த இடத்தைத் துடைப்பத்தால் ஒன்றுக்கு இரண்டு தடவை பெருக்கிவைக்க வேண்டும் என்று வாய்மொழி உத்தரவு. வேலை குறைய வந்த மிஷின் வேலையைக் கூட்டிவிட்டது. மகளிடம் அக்கா, "மிஷின் வந்துடுச்சுடி" என்று சொல்லிவிட்டாள். பொய்யில்லை. வந்துதான் இருந்தது.

அந்தச் சமயம் பார்த்துத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். எந்தக் கிளை பொருட்களைச் சிறப்பாகப் பேணுகிறது என்று பார்த்து விருது கொடுப்பது அவர் வேலை. மேலாளர் அவரைக் கைபிடித்து அழைத்துவந்து மிஷினுக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

"ஓட்டிக் காட்டுங்க," என்றார் ஆய்வாளர்.

மேலாளரும் ஆமாஞ்சாமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா பெருமூச்சு விட முயன்றாள். பாதியில் விசில்தான் வந்தது. ஆய்வாளரை உள்ளே காபி குடிக்க அனுப்பிவிட்டு, அக்கா குனிந்து கூடம் முழுவதையும் பெருக்கினாள். மூலை முடுக்கெல்லாம் பெருக்கினாள். ஒரு துகள் விடாமல் முறத்தில் அள்ளிக் கொட்டினாள். கம்பளம் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி ஆனதும், அதன்மேல் மிஷினை ஓட்டினார்கள்.

ஆய்வாளர் மிஷினைத் திறந்து பையை எடுத்துப் பார்த்தார். உதறிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பிரமாதம்! இவ்வளவு பெரிய கூடம், இவ்வளவு சுத்தம், பையில ஒரு பொட்டுத் தூசி இல்லையே! அப்போ தூசியெல்லாம் எங்கதான் போச்சு?"

ஆய்வாளரின் பார்வை, ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவள்மேல் விழுந்தது. "ஏம்மா, உங்களுக்குத் தெரியுமா?"

அக்கா தன் நெஞ்சைத் தட்டிக் காட்டினாள். "இங்க இருக்கு சார். ஆனா இந்தப் பையைக் கழட்டிக் காட்டத்தான் முடியாது."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நல்ல நகைச்சுவை உணர்ச்சி உள்ள ஊழியர்கள்!" என்று ஆய்வாளர் மேலாளரின் தோளில் தட்டிக்கொடுத்தார். அந்த வருடத்தின் 'கருணை மிகுந்த கிளை' விருது வேறு யாருக்குப் போகும்? கேடயத்தை மேலாளர் அங்கேயே வாங்கி, மிஷினின் தலைமேல் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் படியேறும்போது அக்கா இரண்டாம் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த படியில் கால் வைக்கத் தெம்பில்லை. அங்கே உட்கார்ந்து மூச்சுக்காகக் காத்திருந்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. நேற்று அவர்கள் சிரித்த சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. 'ச்சீ, இவங்களுக்குப் பயந்தா நான் சாகணும்?' என்று எழுந்தாள்.

மேலே போனாள். துடைப்பம் நின்ற மூலையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே மிஷினிடம் போய், தலையிலிருந்த கேடயத்தை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு, பிளக்கைச் செருகினாள்.

'உம்ம்ம்.'

அடடா, என்ன இழுப்பு! மேலாளர் அறை, சாப்பாட்டு அறை, ஆமாஞ்சாமியின் மேஜைக்கடி, எதையும் விடவில்லை. கம்பளத்தின் நிறமே மாறியது; அது நீலம் என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது. தூசி காற்றில் எழவே இல்லை. சரசரவென்று குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அக்கா வாயைத் திறந்து ஆழமாக மூச்சை இழுத்தாள். விசில் இல்லை. அவளுக்குப் பாடவேண்டும்போல இருந்தது. மெல்ல முனகியும் பார்த்தாள். மிஷினும் கூடவே 'உம்ம்' கொட்டியது.

அப்போதுதான் மேலாளர் உள்ளே வந்தார். உப்பிப் புடைத்திருந்த பையைப் பார்த்தார். அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

விசாரணை அதே கூட்ட அறையில் நடந்தது. ஒரு பக்கம் மேலாளர், ஆமாஞ்சாமி. எதிரே அக்கா. நடுவே, மேஜைமேல், பாதிக்கப்பட்டவர்.

"நிராயுதபாணியா இருந்த ஒரு சக ஊழியரைப் பலவந்தமாத் தூசி விழுங்க வெச்சிருக்கீங்க," என்றார் மேலாளர், குரல் நடுங்க. "உள்ள பூரா தூசி! ஒருத்தர் வாயைத் திறந்து சொல்ல முடியாதவர்ங்கிறதுக்காக, அவர் மூச்சுல தூசியை ஏத்துறது எவ்வளவு பெரிய கொடுமை! அது உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"தெரியும் சார்," என்றாள் அக்கா. "உங்களைவிட நல்லாவே தெரியும்."

ஆமாஞ்சாமி பழக்க தோஷத்தில் "ஆமா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மேலாளர் தொண்டையைச் செருமினார். "உங்க நீண்ட சேவையை நினைச்சு ஒரு வாய்ப்பு தர்றோம். அவர்கிட்ட மன்னிப்பு கேளுங்க. துடைப்பத்தை எடுத்துக்கங்க. எல்லாத்தையும் மறந்துடலாம்."

அக்கா எழுந்தாள். மிஷினுக்குப் பக்கத்தில் போய் அதன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "நீ நல்லாத்தான் வேலை செஞ்ச. உன்னைத்தான் செய்ய விடமாட்டேங்கறாங்க. வரட்டா?" என்றாள். அப்படியே படியிறங்கிப் போய்விட்டாள். ராஜ்ஜியத்தை விட்டுப் போகிறோமே என்று மனம் கனத்தது உண்மை. கீழ்ப்படியில் நின்று ஒருமுறை அண்ணாந்து பார்த்ததும் உண்மை. ஆனால் மூச்சு வாங்கவில்லை.

அலுவலகம் துக்கத்தில் மூழ்கவில்லை, கடமைதான் பெரிது. மேலாளர் மாலைக்குள்ளேயே அறிவிப்புப் பலகையில் ஒரு விளம்பரம் ஒட்டச் செய்தார். கருணையின் மறு உருவான ஒருவரால் மட்டுமே அப்படி எழுத முடியும் என்று படித்தவர்கள் எல்லோரும் வியந்தார்கள்.

'துப்புரவுப் பணிக்கு ஆள் தேவை. அன்பான சூழல். ஊழியர்களைச் சொந்தக் குடும்பமாகப் பார்த்துக்கொள்ளும் நிறுவனம். துடைப்பம் தரப்படும். நுரையீரலை மட்டும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும்.'